வாலில் ஒட்டிய பெயர்

கசற் காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரு வேலை எப்போதும் கையெழுத்து வடிவான பிள்ளையிடமே போய்ச் சேர்ந்தது. பதிவு முடிந்ததும் கசற்றின் முதுகில் ஒட்டும் வெள்ளைச் சீட்டை எழுதுகிற வேலை. ‘நல்லூர்த் தேர் – நாதஸ்வரம் – ஏ பக்கம்’, ‘பண்ணிசை – பாடம் 4 – பி பக்கம்’ என்று குமிழ்முனைப் பேனையால், மை இழுபடாதபடி பதமாக எழுதினார்கள். அழியக்கூடாத பதிவென்றால் கசற்றின் மேல் விளிம்பில் இருந்த இரண்டு பிளாஸ்ரிக் பற்களையும் கத்தி நுனியால் உடைத்துவிட்டார்கள். பிறகு மனம் மாறினால் அந்த ஓட்டைகளில் செலோரேப்பை ஒட்டி, பண்ணிசைக்கு மேலே சினிமாப் பாட்டை ஏற்றினார்கள். சீட்டை மாற்றி எழுத மட்டும் யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. அடுத்த நாள் பாடம் கேட்கப் பாயை விரித்து உட்கார்ந்தவருக்குத் தேவாரத்துக்குப் பதிலாக வேறொன்று காத்திருந்தது.

பிழையை அந்தப் பிள்ளையின் தலையில் போடுவது நியாயமில்லை. 1963 இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் முதன்முதலாகக் காட்டிய கசற், ஒலியை மட்டுமே சுமக்கத் தெரிந்த பண்டம். லூ ஓட்டன்ஸ் என்ற பொறியாளரின் குழு அதைச் சட்டைப் பைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறிதாக்கியது. ஆனால் தன் வயிற்றுக்குள் இருப்பது தேவாரமா டிஸ்கோவா என்று அதற்குத் தெரியாது. அதற்கு முந்திய இசைத்தட்டுக்கும் தெரியாது. அதன் பெயரும் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில்தான் இருந்தது. எடிசனின் காலந்தொட்டே ஒலி ஒரு பொருளில் இருந்தது, பெயர் வேறொரு பொருளில் இருந்தது. காகிதம் உரிந்த அன்றைக்கு உறவும் முடிந்தது. அந்த இரண்டையும் ஒரே உடலில் சேர்த்துவைக்க 1982 இல் அருமையான வாய்ப்பொன்று வந்தது.

அந்த வருடம்தான் பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து சீடியைக் கடைக்குக் கொண்டுவந்தன. ஒலி முழுவதும் இலக்கங்களாகிவிட்டது. இலக்கங்களைப் பதிகிற தட்டில் எழுத்துகளையும் பதியலாமே? பதியவில்லை. எத்தனை பாட்டு, ஒவ்வொரு பாட்டும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை நொடியின் 75 இல் ஒரு பங்கு வரை துல்லியமாகக் குறித்தவர்கள், பாட்டின் பெயரை விட்டுவிட்டார்கள். உறையில்தான் அச்சடித்திருக்கிறதே என்று நினைத்தார்கள் போலும். பெயரையும் எழுதும் ஏற்பாடு சீடிக்கு 1996 இல்தான் வந்தது. அதற்குள் உலகெங்கும் பெயரில்லாத தட்டுகள் மலைபோல் குவிந்துவிட்டன. கணினிக்குள் எந்தத் தட்டைப் போட்டாலும் ‘ட்ராக் 1, ட்ராக் 2’ என்றே வந்தது. குடாநாட்டில் அப்போது அதைப் பற்றிக் கவலைப்பட ஆளில்லை. அங்கே பிரச்சினை பெயரல்ல, மின்சாரம்.

1990 இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாடு இருளில் மூழ்கியது. குடாநாட்டைத் தெற்கோடு இணைத்த ஏ9 வீதி மூடப்பட்டது. பற்றரியும் மண்ணெண்ணெயும் தடைப்பட்டியலில் ஏறின. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச எண்ணெயும் விட்டுத் திரி ஏற்றி, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். செய்தி கேட்கச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, வீட்டுப் பொடியன் ஒருவன் பெடலைக் கையால் சுற்ற, டயரோடு உராய்ந்த டைனமோவிலிருந்து வயரை றேடியோவுக்கு இழுத்தார்கள். சில வீடுகளில் கசற்றும் அப்படியே ஓடியது. பொடியனுக்குக் கை உளைந்தால் வித்துவானின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இழுபட்டது. யாராவது அதட்டினால் மறுபடி சுருதிக்கு வந்தது. ஒரு மணி நேர ஒலிக்கு ஒருவருடைய வியர்வை விலையாக இருந்த அந்த நாட்களில், அதே ஒலியை எப்படிச் சுருக்கலாம் என்று ஜேர்மனியில் ஒருவர் ஒரு பெண்ணின் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எர்லாங்கன் நகரத்து பிரவுன்ஹோஃபர் ஆய்வகத்தோடு சேர்ந்து வேலை செய்த கார்ல்ஹைன்ஸ் பிரண்டன்பேர்க் தான் அவர். மனிதக் காது கவனிக்காத ஒலிகளை வடித்துத் தள்ளிவிட்டால் கோப்பு பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பது கணக்கு. வாத்தியங்கள் நிறைந்த இசை பரவாயில்லாமல் சுருங்கியது. நியூயோர்க்கில் ஒரு சின்ன உணவகத்தில் காப்பி குடிப்பதைப் பற்றி சுசான் வேகா பாடிய ‘டொம்ஸ் டைனர்’ மட்டும் அடம்பிடித்தது. பின்னணி வாத்தியம் எதுவுமில்லாத தனிக்குரல். சிறிய பிசிறும் பளிச்சென்று தெரிந்தது. அந்தக் குரல் கெடாமல் வரும்வரை முறையைத் திருத்திக்கொண்டே இருந்தார் பிரண்டன்பேர்க். 1990களின் தொடக்கத்தில் உலகத் தரமாக ஏற்கப்பட்ட அந்த முறையில் ஒலிக்கான விதிகள் பக்கம் பக்கமாக இருந்தன. பெயருக்கு? காப்புரிமை உண்டா, மூலப்பிரதியா என்பது போன்ற ஆம்–இல்லைக் கேள்விகளுக்கு மட்டும் இடமிருந்தது. மூன்றாவது தடவையாகவும் பெயரை மறந்துபோனார்கள்.

அதே காலத்தில் இன்னொரு உணவகத்திலும் ஒரு சங்கதி நடந்தது. 1992 செப்டெம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த கென் தொம்சனும் ரொப் பைக்கும், தட்டுக்கு அடியில் விரித்திருந்த தாளில் உலக மொழிகள் அனைத்தையும் கணினிக்குள் எழுதும் வழியொன்றைக் கிறுக்கினார்கள். அதுதான் இன்றைய யூ.டி.எஃப்.–8. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்று அந்தத் தாளின் கணக்குப்படி அமைந்தது. தமிழர் யாரும் பக்கத்து மேசையில் இல்லை. இருந்திருந்தாலும், அந்த மூன்று பின்னாளில் ஒரு ஊரின் தலையில் கைவைக்கும் என்று ஊகித்திருக்க முடியாது.

பெயரில்லாத சீடிகளுக்கு முதலில் இரங்கியவர் டி கான் என்ற நிரலாளர். கணினியில் சீடி கேட்க அவர் எழுதிய நிரல் ‘எக்ஸ்எம்சிடி’. ஒவ்வொரு சீடியிலும் பாட்டுகள் தொடங்கும் இடங்கள் வேறு வேறாக இருப்பதை அவர் பயன்படுத்திக்கொண்டார். அந்த இடங்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் தட்டுக்கு ஏறக்குறைய ஒரு கைரேகை கிடைத்தது. அந்தக் கைரேகைக்கு நேரே பெயர்களை ஒருமுறை யாராவது தட்டச்சு செய்தால் போதும், உலகம் முழுவதும் அதை எடுத்துக்கொள்ளலாம். ஸ்டீவ் ஷெர்ஃப் என்ற இன்னொருவரும் சேர, சீடிடிபி என்ற பொதுக் களஞ்சியம் உருவானது. ஆயிரக்கணக்கானோர் தங்கள் அலுமாரியில் இருந்த தட்டுகளின் பெயர்களை இலவசமாக அடித்து அனுப்பினார்கள். அடித்தவர்கள் ஆளுக்கொரு விதமாக அடித்தார்கள் என்பதுதான் சிக்கல். ஆங்கில எழுத்தில் இளையராஜாவுக்கு ஒருவர் ஒற்றை ‘எல்’ போட்டார், ஒருவர் இரட்டை ‘எல்’ போட்டார், ஒருவர் ‘ஐ’யை ‘வை’ ஆக்கினார். கணினிக்கு அவர்கள் மூன்று வேறு இசையமைப்பாளர்கள். 1998 இல் அந்தக் களஞ்சியம் ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. கிரேஸ்நோட் என்று பெயர் மாறி, 2008 இல் 26 கோடி டொலருக்கு சோனியின் கைக்குப் போனது. சும்மா அடித்துக் கொடுத்தவர்களுக்கு அதில் ஒரு சதமும் இல்லை. கோபம் கொண்டவர்கள் ஃப்ரீடிபி, மியூசிக்பிரெயின்ஸ் என்று திறந்த களஞ்சியங்களைத் தொடங்கினார்கள். ஆனால் இவை எல்லாவற்றிலும் பெயர் தூரத்து ஊரில் ஒரு கணினியில் இருந்தது. ஒலிக்கோப்பின் உடலுக்குள் இன்னும் ஏறவில்லை.

1995 ஜூலை 14 அன்று எர்லாங்கன் ஆய்வகத்தில் மின்னஞ்சல் ஒன்று சுற்றுக்கு வந்தது. தங்கள் கோப்புகளின் பெயருக்குப் பின்னால் இதுவரை போட்டுவந்த ‘.பிட்’டை விட்டுவிட்டு இனி ‘.எம்பி3’ என்று போடுவது என முடிவானது. அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் வலிகாமத்து மேற்குப் பகுதியில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஐந்து நாட்களுக்கு முன்னர்தான் நவாலி தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மேல் குண்டு விழுந்தது. அந்த ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழையில் தோளில் தூக்கிக்கொண்டு போகக் கூடியதை மட்டும் எடுத்தார்கள். கசற் பெட்டிகள் வீட்டோடு நின்றன. திரும்பி வந்தபோது சில வீடுகளில் பெட்டி இருந்தது, சீட்டு கரைந்திருந்தது. சில இடங்களில் வீடே இல்லை.

எம்பி3 கோப்புகள் இதற்கிடையில் வெளிநாடுகளில் இணையம் வழியே காட்டுத்தீயாகப் பரவத் தொடங்கியிருந்தன. பெயரென்று சொல்ல இருந்தது கோப்பின் பெயர் மட்டுமே. அதையும் ஆளுக்காள் மாற்றினார்கள். 1996 இல், ‘நம்கிராட்’ என்ற புனைபெயரில் உலாவிய எரிக் கெம்ப் என்பவர் தன் ‘ஸ்டூடியோ 3’ நிரலுக்குள் ஒரு சின்னத் தந்திரத்தைச் செய்தார். உலகத் தரக் குழு எதுவும் அவரைக் கேட்கவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. பாட்டு முடிந்த இடத்துக்குப் பின்னால், கோப்பின் வாலில், 128 பைட் நீளத்துக்கு ஒரு சீட்டை ஒட்டினார்.

தலையில் ஒட்டியிருந்தால் பழைய இயக்கிகள் அதையும் ஒலியென்று எண்ணிக் கரகரத்திருக்கும். வாலில் இருந்தபடியால் பாட்டு முடிந்த பிறகே அது எதிர்ப்பட்டது, பெரும்பாலானவை கண்டுகொள்ளவில்லை. சீட்டின் முதல் மூன்று பைட்டில் ‘டி, ஏ, ஜி’ என்ற மூன்று எழுத்து. பிறகு தலைப்புக்கு 30, பாடியவருக்கு 30, தொகுப்பின் பெயருக்கு 30, வருடத்துக்கு 4, குறிப்புக்கு 30, கடைசியில் இசைவகைக்கு ஒரே ஒரு பைட். கூட்டினால் 128. தபால் கந்தோரில் வாங்கும் விண்ணப்பப் படிவத்தில் எழுத்துக்கு ஒரு கட்டம் போட்டிருப்பார்களே, அதே கஞ்சத்தனம். கைத்தொலைபேசியில் ஒரு பாடத்தைத் தொட்டதும் திரையில் தலைப்பும் ஆசிரியரும் தோன்றுகிற சங்கதி அன்று பிறந்ததுதான். அதற்கு ஐடி3 என்று பெயர் வந்தது. கையெழுத்து வடிவான பிள்ளை பேனையால் எழுதிய சீட்டு ஒருவழியாக ஒலியின் உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஒட்டியவருக்கு நாதஸ்வரமும் தெரியாது, ரியூசனும் தெரியாது என்பது அந்தக் கடைசி ஒற்றைப் பைட்டில் வெளிப்பட்டது.

இசைவகைக்கு அவர் 80 பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வைத்திருந்தார். பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்கும் அந்தப் பட்டியலில் போல்கா இருந்தது, கிறிஸ்தவ ராப் இருந்தது, கர்நாடக இசை இல்லை. பேச்சு என்றொரு வகையும் இல்லை. வினாம்ப் என்ற இயக்கியைச் செய்தவர்கள் பட்டியலை நீட்டியபோதுதான் 101 ஆம் இலக்கமாக அது நுழைந்தது. பூச்சியம் என்பது ‘ப்ளூஸ்’. ஒன்றும் நிரப்பாமல் விட்ட பைட் இயல்பாகவே பூச்சியம். எனவே சோம்பேறித்தனமாகப் பதிவேற்றப்பட்ட எண்ணற்ற கோப்புகள், அது பகவத் கீதை உரையாக இருந்தாலும் இரசாயனவியல் பாடமாக இருந்தாலும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப்பாட்டு வகையாகப் பட்டியலில் நின்றன. உயர்தர இரசாயனவியலைப் பொறுத்தவரை அது ஓரளவு பொருத்தம் என்று பரீட்சை எழுதியவர்கள் சொல்லக்கூடும்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. சீட்டில் பாட்டின் வரிசை எண்ணுக்கு இடமே இல்லை. கணினியோ எழுத்து வரிசையில் அடுக்கியது: பாடம் 1, அடுத்து பாடம் 10, பாடம் 11, அதற்குப் பிறகுதான் பாடம் 2. பாட்டுக்கு இது பெரிய குறையில்லை. பாடத்துக்கு இது தலைவலி. இரண்டாம் பாடத்துக்கு முன் பதினோராம் பாடத்தைக் கேட்டவருக்கு இரண்டுமே விளங்காது. 1997 இல் மைக்கேல் முட்ச்லர் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். 128 ஐ நீட்ட முடியாது. உலகம் அதற்குள் பழகிவிட்டது. அவர் குறிப்புக் கட்டத்தின் வால் நுனியில் இரண்டு பைட்டைக் கிள்ளினார். முதலாவதில் வெறும் பூச்சியம், இரண்டாவதில் வரிசை எண். பழைய இயக்கிகள் பூச்சியத்தைக் கண்டதும் குறிப்பு முடிந்ததென்று நின்றுவிடும், அப்பால் இருக்கும் எண்ணைப் பார்க்கவே மாட்டா. புதியவை ஒரு அடி அதிகமாக எட்டிப் பார்க்கும். வேலிக்குள் இருந்தபடியே காணியைப் பிரித்த இந்தச் சாமர்த்தியத்துக்கு யாழ்ப்பாணத்து அப்புக்காத்துமார்கூடக் கைதட்டியிருப்பார்கள். ஆனால் 30 கட்டம் 30 கட்டமாகவே இருந்தது.

1998 இல் சுவீடனின் மார்ட்டின் நில்சனும் கூட்டாளிகளும் சீட்டை முழுதாகப் பிரித்துத் தைத்தார்கள். இந்தத் தடவை அது வாலிலிருந்து தலைக்குப் போனது. இணையம் வழியே ஒலி சொட்டுச் சொட்டாக வருகிற காலத்தில், பெயர் வாலில் இருந்தால் பாட்டு முடிந்த பிறகே இன்ன பாட்டென்று தெரியும். கலியாணம் முடிந்த பிறகு மாப்பிள்ளையின் பெயரைக் கேட்கிற கதை. தலையில் இருக்கும் சீட்டை ஒலியென்று இயக்கி ஏமாறாமலிருக்க, ஒலித்துண்டின் தொடக்க அடையாளம் தற்செயலாகக்கூடச் சீட்டுக்குள் வராதபடி விதி செய்தார்கள். ஒரு சீட்டு 256 மெகாபைட் வரை நீளலாம் என்றானது. பாட்டுவரி, படம், யார் பேசியது, எந்த மொழி என எல்லாவற்றுக்கும் தனித்தனி அறை. ஆங்கிலம் அல்லாத எழுத்துக்கும் யூனிகோட்டில் இடம் கிடைத்தது. 2000 ஆம் ஆண்டின் திருத்தத்தில் அந்த உணவகத் தாளில் பிறந்த யூ.டி.எஃப்.–8 உம் உள்ளே வந்தது. தமிழுக்குக் கதவு திறந்தாகிவிட்டது. யாழ்ப்பாணத்துக்குக் கதவு திறக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 திறந்தது. லொறிகளில் சீமெந்தோடும் கூரைத்தகட்டோடும் கணினிகளும் வந்து இறங்கின. ஒரு கசற்றில் 90 நிமிடம் கேட்டவர்கள், ஒரே சீடியில் நூற்றைம்பது எம்பி3 பாட்டுகளைக் கண்டு வாயைப் பிளந்தார்கள். ஐடி3 சீட்டும் அவற்றின் வாலிலும் தலையிலும் ஒட்டிக்கொண்டு ஓசைப்படாமல் முகமாலைச் சோதனைச்சாவடியைத் தாண்டியது. இங்கே அதை நிரப்ப முற்பட்டவர்களுக்குத்தான் சோதனை. குடாநாட்டின் அச்சகங்களும் தட்டச்சு நிலையங்களும் பழகியிருந்தது ‘பாமினி’ எழுத்துரு. பாமினியில் அடித்த தமிழ் உண்மையில் ஆங்கில எழுத்துக்குப் போட்ட தமிழ்ச் சட்டை. எழுத்துருவைக் கழற்றினால் யாழ்ப்பாணம் என்பது ‘ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜி, அரைப்புள்ளி, ஜி, எச், இசட், கே, அரைப்புள்ளி’ ஆகிவிடும். கோப்புப் பட்டியலுக்கும் எம்பி3 இயக்கிக்கும் அந்தச் சட்டையை மாட்ட வழியில்லை. ஆகவே அரைப்புள்ளிகள் அணிவகுத்து நின்றன. சலித்துப்போனவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினார்கள். ‘பாடம்’ என்ற ஒரு சொல்லுக்கு ஒற்றை ஏ, இரட்டை ஏ, ‘டி’ போட்டது, ‘டிஎச்’ போட்டது என்று ஒரே உறைக்குள் நாலு பாடம். இளையராஜாவுக்கு நடந்தது இப்போது ஐந்தொகைக்கும் அட்சரகணிதத்துக்கும் நடந்தது.

விடை பாட்டுப் பக்கமிருந்து வராமல் புத்தகப் பக்கமிருந்து வந்தது. 1981 மே 31 இரவு மூட்டிய தீயில் 97,000 நூல்களை இழந்த ஊர் இது. பிரதி இல்லாத பொருளின் விலை என்னவென்று அதற்குத் தெரியும். 2005 தைப்பொங்கலோடு சில இளைஞர்கள் ‘நூலகம்’ என்ற மின்னூல் திட்டத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் வருடி இணையத்தில் ஏற்றினார்கள். அவர்கள் தொடக்கத்திலேயே ஒரு காரியம் செய்தார்கள். கோப்புக்கு நூலின் பெயரை வைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நூலக எண் கொடுத்தார்கள். 1157 என்ற எண் என்றால், 1157 என்ற உறைக்குள் 1157 என்ற கோப்பு. தலைப்பு, ஆசிரியர், வருடம், பதிப்பகம் எல்லாம் யூனிகோட் தமிழில் தனிப் பக்கத்தில். தலைப்பில் எழுத்துப்பிழை கண்டால் பக்கத்தைத் திருத்தினால் போதும், கோப்பு அசையாது. எந்தப் பாமினியும் 1157 ஐக் குழப்ப முடியாது. பிற்காலத்தில் ஒலிப்பதிவுகளுக்கும் வாய்மொழி வரலாறுகளுக்குமாக ‘ஆவணகம்’ எழுந்தபோதும் ஒலிக்கு அருகிலேயே விவரத்தை வைக்கும் ஒழுங்கு தொடர்ந்தது. வீட்டுக்குள் அந்த ஒழுங்கு நுழைய ஒரு கொள்ளைநோய் வரவேண்டியிருந்தது.

2020 மார்ச் நடுவில் பாடசாலைகள் மூடப்பட்டன. ஆசிரியர்கள் வீட்டு விறாந்தையில் இருந்து, பக்கத்து வளவு நாய் குரைப்பும் சேர்ந்து விழ, பாடங்களைக் குரல் பதிவாக வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். வீடியோவுக்கு டேட்டா காணாத வீடுகளுக்குக் குரல்தான் கைகொடுத்தது. அந்தப் பதிவுகளுக்கு வட்ஸ்அப் தானாக வைத்த பெயர் ‘பிடிடி–20200415–டபிள்யூஏ0012’ என்கிற மாதிரி இருந்தது. முதலில் வருடம், பிறகு மாதம், பிறகு நாள். இப்படி எழுதினால் எழுத்து வரிசையே கால வரிசையாகிவிடும். 1988 இலேயே உலகத் தரமாக்கப்பட்ட முறை. அதிர்ஷ்டவசமாக அந்த மட்டில் ஒழுங்கு. ஆனால் கடைசி எண் அந்தந்தத் தொலைபேசி அன்றைக்கு வாங்கிய வரிசை. முப்பது பிள்ளைகளின் கையில் ஒரே பாடம் முப்பது எண்ணில் இருந்தது. “டீச்சர், 0012 விளங்கேல்லை” என்று ஒரு பிள்ளை கேட்டால் அது எந்தப் பாடமென்று டீச்சருக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் தெரியாது. உள்ளே சீட்டு வெறுமையாக இருந்தது. கையெழுத்து வடிவான பிள்ளை மறுபடி தேவைப்பட்டது.

அந்தப் பிள்ளை இந்த முறை பேனையை எடுக்கவில்லை. இறக்கிய பாடங்களை மடிக்கணினியில் கொட்டி, பெயர்களை ஒரே அச்சில் வார்த்தது: ‘10–கணிதம்–அலகு03–பாடம்02’. தரம் முன்னுக்கு, பாடம் பின்னுக்கு, ஒற்றை இலக்கத்துக்கு முன்னால் கட்டாயம் ஒரு பூச்சியம். அந்தப் பூச்சியம் இருந்தால் 10 ஒருபோதும் 2 க்கு முன் வந்து நிற்காது. வட்ஸ்அப் குரல்பதிவு எம்பி3 வகை அல்லாதபடியால் முதலில் அதை எம்பி3 ஆக்கவேண்டியிருந்தது. பிறகு எம்பி3டக் போன்ற இலவச நிரலொன்றில் நூறு கோப்பை ஒருசேரத் தெரிந்து, கோப்புப் பெயரிலிருந்தே தலைப்பையும் வரிசை எண்ணையும் பிரித்துச் சீட்டில் ஏற்ற ஒரு சொடுக்குப் போதுமாக இருந்தது. பெயரை ஒழுங்காக வைத்தவருக்கு மட்டும் கிடைத்த சலுகை அது. நாலு விதமாகப் ‘பாடம்’ எழுதியவர்கள் நூறையும் கையால் திருத்தினார்கள். மிக நீளமாகப் பெயர் வைத்தவர்களும் மாட்டினார்கள். அன்ட்ரொயிட் தொலைபேசியின் சேமிப்பகத்தில் ஒரு பெயருக்குப் பொதுவாக 255 பைட் எல்லை; தமிழ்க் குறிக்கு மூன்று என்று வகுத்தால் 85 குறிதான் கொள்ளும். முக்கோணியின் பண்புகளை எல்லாம் கோப்பின் பெயரிலேயே எழுத ஆசைப்பட்டவர்கள் பாதியில் நின்றார்கள்.

அங்கேதான் 1992 இன் மூன்றும் 1996 இன் முப்பதும் நேருக்கு நேர் சந்தித்தன. தலையில் விரிவான சீட்டை எழுதும் நிரல்களில் பல, பழைய இயக்கிகளுக்காக வாலிலும் அந்த 128 பைட்டை எழுதும் வழக்கத்தை விடவில்லை. தொகுப்பின் பெயரென்ற கட்டத்தில் ‘யாழ்ப்பாணம்’ என்று எழுதினால் தலையில் அது முழுதாக இருந்தது. வாலில் சில நிரல்கள் அதைப் பதினொரு கேள்விக்குறிகளாக்கின. சில யூ.டி.எஃப்.–8 ஐ அப்படியே திணித்தன. வாய்க்கு யாழ்ப்பாணம் ஆறெழுத்து. கணினிக்கு ய, அரவு, ழ, புள்ளி, ப, புள்ளி, ப, அரவு, ண, ம, புள்ளி என்று பதினொரு குறி. மூன்றால் பெருக்கினால் 33 பைட். கட்டம் 30. கத்தி விழுந்த இடம் சரியாகக் கடைசிக் குறிக்கு முன்னால். ஒலிப்பாடங்களின் வாலில் ஊரின் பெயர் புள்ளி போய் ‘யாழ்ப்பாணம’ என்று நின்றது. ஆங்கில எழுத்துக்குச் சட்டை போட்ட பாமினியில் எழுதியிருந்தால் பதினொரு பைட்டோடு சொகுசாக அடங்கியிருக்கும்; வாசிக்கத்தான் ஆளிருந்திருக்காது.

உள்ளூர்ப் பத்திரிகைகள் தலைப்புக்கு இடம் காணாமல் பல தசாப்தமாக ஒரு சுருக்கம் வைத்திருக்கின்றன. யாழ். இந்து, யாழ். மத்தி, யாழ். பொது நூலகம். ழகரப் புள்ளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்து அதற்கு 13 பைட் போதும்.